ஏணி வேண்டாத கை

கோலாலம்பூர் சென்ட்ரலில் காலை ரயிலைப் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. தஞ்சோங் மாலிமிலேயே பேராக் தொடங்கிவிடும். சிலிம் ரிவர், தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வரும். ஜன்னலுக்கு வெளியே முழுக்கச் செம்பனை. என் சின்ன வயதில் இந்தப் பாதையில் பால் மரங்கள்தான் கூட வரும். ரயில் ஓட ஓட நிரைகள் விரிந்து, கண் கடைசி மரம் வரை போய், மறுபடி மூடிக்கொள்ளும். செம்பனைக் காட்டில் கண் இரண்டாவது மரத்தோடு நின்றுவிடுகிறது.

அன்று டிசம்பர் 18. கோல் கீப்பர் ஆர். ஆறுமுகம் இறந்த நாள். 1988-இல் இதே தேதியில் சாலை விபத்தில் போனார். வயது 35.

அவர் பிறந்தது 1953-இல், கிள்ளான் துறைமுகத்தில். ஆடியது சிலாங்கூருக்கு. நான் குடியிருப்பதும் கிள்ளானில்தான். அவரை நினைத்துக்கொள்ள நான் வடக்கே ரயிலேறத் தேவையே இல்லை. ஆனால் ஈப்போவில் என் தாய்மாமா இருக்கிறார். இந்தத் தேதியில் வருடம் தவறாமல் கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறவர். ஒரு வாரத்துக்கு முன் போனில் கூப்பிட்டு, "எல்லா வருசமும் வர்றேன் வர்றேன்ற. எனக்கும் முட்டி விட்டுப் போச்சு. இந்தத் தடவையாவது வந்து சேரு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை ரயிலேற்றியது.

ஆறுமுகத்தை அறியாத இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுகளின் பாதி வரை மலேசிய அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வடகொரியாவை 2-1 என்று வென்று மலேசியா வெண்கலம் வாங்கியதே, அந்த அணியில் இருந்தவர். 1977, 1979 சீ விளையாட்டுத் தங்கங்களிலும் அவர் கை உண்டு. ஒல்லியான, நெட்டையான உடம்பு. நீண்ட கைகள். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் நாடே அவரை ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்டது.

தோட்டங்களில் அந்தப் பட்டப்பெயர் அவ்வளவாக ஒட்டவில்லை. அங்கே அவர் 'நம்ம ஆறுமுகம்'. பேராக் தோட்டங்களிலும் அப்படித்தான். எதிரணிக்கு ஆடிய ஒருவர் எப்படி 'நம்ம' ஆனார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே நான் போனேன்.

ஈப்போ ரயில் நிலையம் 1917-இல் கட்டி முடித்தது. வெள்ளைக் குவிமாடங்களோடு அரண்மனை மாதிரி நிற்கும். வாசலில் மாமா மோட்டாரோடு காத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். பின்னால் உட்காரச் சொல்லி நேரே புந்தோங்குக்கு விட்டார். நாங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தை விற்ற பிறகு அவர் வந்து தங்கிய இடம் அது. ஈப்போவில் தமிழர் அதிகமாக வாழும் பகுதி. அங்கே தெருவே வாசனையாக இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக முறுக்கும் ஓமப்பொடியும் வறுத்த கடலையும் போட்டு விற்கிற இடம். கச்சாங் பூத்தே என்றால் நாடு முழுக்கப் புந்தோங்தான். மாமா இரண்டு பொட்டலம் வாங்கிச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டார். "ஆட்டம் பாக்கப் போனா இது இல்லாம போக மாட்டோம். பாதி ஆட்டத்துல தீந்துடும். மீதிப் பாதிக்கு நகம்தான்."

பழைய டவுனில் ஒரு கோப்பிக்கடை. ஈப்போ வெள்ளைக் கோப்பிக்குக் கொட்டையை மார்ஜரினில் வறுப்பார்கள். அதனால் வரும் மணத்தை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. கடைக்காரர் மாமாவைவிட மூத்த சீனர். இருவரும் கான்டனீஸில் பேசிக்கொண்டார்கள். ஈப்போத் தமிழர் பலருக்கு அது இரண்டாம் தாய்மொழி மாதிரி. நான் வந்த காரணத்தை மாமா சொன்னதும், பெரியவர் துண்டை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். எனக்காக மலாய்க்கு மாறினார். அவர் சொன்னது சௌ சீ கியோங்கைப் பற்றி.

சௌ, ஆறுமுகத்துக்கு முந்திய தலைமுறைக் கீப்பர். 1966 முதல் 1970 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கியவர். பிறகு ஹாங்காங் போய், சவுத் சைனா அணியில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தார். அங்கே அவருக்கு 'ஆசியாவின் எஃகுக் கதவு' என்று பேர். 2018-இல் காலமானார். அவர் போன அன்று கடையில் கோப்பிக்குக் காசு வாங்கவில்லை என்றார் பெரியவர்.

சௌ பெரியவரா, ஆறுமுகம் பெரியவரா என்று இந்த இரண்டு கிழவர்களும் எத்தனை வருடமாகச் சண்டை போடுகிறார்களோ தெரியாது. எனக்கு முன்னாலும் ஒரு சுற்று நடந்தது. மாமா தமிழில் என்னிடம் சொன்னார்: "சௌ கதவுதான்டா, ஒத்துக்கறேன். ஆனா கதவு நெலையிலதான நிக்கும்? நம்மாளு நெலைய விட்டு வெளிய வந்து புடிப்பான்." இதை அவர் மொழிபெயர்க்கவில்லை. பெரியவர் எங்கள் இருவரின் கோப்பிக்கும் காசு வாங்கவில்லை.

அங்கிருந்து பேராக் அரங்கம். 1965-இல் திறந்தது. அன்று ஆட்டம் எதுவும் இல்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று புல்லைப் பார்த்தோம். மாமா மோட்டாரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பேராக் அணியின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் அவர் சொன்னது விளங்கும். மலேசியக் கிண்ணத்தை, அதன் பழைய பெயர்க் காலமும் சேர்த்து, பேராக் வென்றது 1926, 1931, 1957, 1967, 1970. அதன் பிறகு 1998 வரை இல்லை. இருபத்தெட்டு வருடம். மாமாவின் இளமை முழுக்க அந்த வறட்சிக்குள் விழுந்துவிட்டது. பதினேழு வயதில் ஒரு கிண்ணத்தைப் பார்த்தவர், அடுத்ததைப் பார்க்கும்போது தலை நரைத்திருந்தார். நடுவே கிடந்த வருடங்களில் கிண்ணத்தை அடிக்கடி தூக்கிக்கொண்டு போனது சிலாங்கூர். அந்தச் சிலாங்கூரின் கோலில் ஆறுமுகம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஈப்போவுக்கு ஆட வந்தால், தோட்டத்தில் லோரி பேசுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று சின்னக் கிராணி நோட்டில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரச்சினை இல்லை. வேலை நாள் என்றால் விடியற்காலையில் வெட்டி, பதினொரு மணிக்குள் பால் நிறுத்துப் போட்டு, குளித்து, லோரியில் ஏறிவிடுவார்கள்.

"எங்களுக்கு ரெண்டு மனசுடா. பேராக் கோல் போடணும். ஆறுமுகம் பந்த விட்டுறக் கூடாது. ரெண்டும் ஒண்ணா நடக்காதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் போவோம்."

"அப்ப யாருக்குக் கத்துவீங்க மாமா?"

"பந்து நடுவுல இருக்கற வரைக்கும் பேராக்குக்கு. கோல் கிட்ட வந்துட்டா வாய மூடிக்குவோம்."

அவர் அப்போது சொன்ன ஒரு உவமையை வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. பால் மரத்தின் கீழ்ப்பட்டை வெட்டி வெட்டித் தீர்ந்துபோனால், மேலே வெட்டுவார்கள். மேல்வெட்டு என்று பேர். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். அதற்கு ஏணி வேண்டும். ஒவ்வொரு மரமாக ஏணியைச் சாத்தி, ஏறி, வெட்டி, இறங்கி, தோளில் தூக்கி, அடுத்த மரம். கால்கள் செத்துப்போகும். மாமா பல வருடம் மேல்வெட்டு வெட்டியவர். மூலையிலிருந்து உயரமாக ஒரு பந்து வருகிறது, இரண்டு அணி ஆட்களும் எம்புகிறார்கள், அத்தனை தலைக்கும் மேலே ஒரு கை போய் அதை எடுக்கிறது. "ஏணி இல்லாம மேல்வெட்டு வெட்டறான்டா அவன்னு எனக்குத் தோணுச்சு. பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன். அவனும் மேல்வெட்டுக்காரன். சிரிக்கல. ஆமான்னு தலையாட்டினான்."

மதியம் கடன் வாங்கிய காடியில் வடக்கே கிளம்பினோம். செம்மோர் தாண்டி சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துன் சம்பந்தனின் ஊரும் இதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, ஆட்களை வெளியேற்றிய காலத்தில், பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டங்களை அவர்களே வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அப்படிப் பிழைத்த தோட்டங்கள் உண்டு. எங்கள் தோட்டம் அதில் சேரவில்லை. கை மாறிக் கை மாறி, தொண்ணூறுகளில் பால் மரத்தை வெட்டிச் சாய்த்து, லயத்துக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு கடிதமும் கொஞ்சம் காசும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் அம்மா அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொன்னபோது எனக்குப் பதினாறு வயது. மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அவள், "அப்புறம்?" என்று கேட்டாள்.

தோட்டத்துக்குப் போகும் முன், கோலக்கங்சார் வரை போய் வரலாம் என்றார் மாமா. மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் ஒரு பால் மரம், வேலி போட்டு நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த நாற்றுகளில் ஒன்பதை ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ இங்கே நட்டார். அதில் மிஞ்சிய ஒன்று இது. மலாயாவின் ரப்பரெல்லாம் இந்தத் தலைமுறையிலிருந்து கிளம்பியதுதான். எங்கள் பாட்டன் பூட்டன் கப்பலேறியதும் இதனால்தான். மாமா வேலிக்கு வெளியே நின்று மரத்தின் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே கத்தி வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று அவர் கண் அளந்ததை என்னால் காண முடிந்தது. அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

எங்கள் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயங்கள் இல்லை. கிராணி வீடு இல்லை. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் உர மூட்டை அடுக்கும் கொட்டகை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. வருடத் திருவிழாவுக்கு எங்கெங்கோ சிதறிப்போன குடும்பங்கள் வந்து கூடுவதால் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் இரண்டு பழைய பால் மரங்களை எப்படியோ விட்டுவைத்திருக்கிறார்கள். எதிரே திடல்.

திடலும் இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். பாதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொங்சி கட்டிவிட்டார்கள். மீதிப் பாதியில் பங்களாதேஷ் இளைஞர்கள் நாலைந்து பேர் டேப் சுற்றிய பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பம் எதுவும் இல்லை.

கோயில் திண்ணையில் மூன்று பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மூவருமே பழைய தோட்ட அணி. ஒருவர் வலப்பக்கப் பின் ஆட்டக்காரர், இன்னொருவர் நடு. மூன்றாமவர் கீப்பர். ஊரில் அவருக்கு 'குட்டி ஆறுமுகம்' என்று பேர். சொந்தப் பெயரை மனைவி தவிர யாரும் கூப்பிட்டதில்லை. நெட்டையெல்லாம் இல்லை. என் தோள் வரைக்கும்தான் வருவார். "ஒசரம் இல்லாததுக்குத்தான் அந்தப் பேரக் கேட்டு வாங்கிக்கிட்டேன்" என்றார். கேலி இல்லாமல் சொன்னார். அவருடைய விரல்களில் இரண்டு, முதல் கணுவிலேயே வேறு திசைக்கு வளைந்திருந்தன.

அந்தக் கைகள் எதில் பழகியவை என்று அவர் காட்டினார். கோயிலுக்குப் பின்னாலிருந்த மரம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். யாரோ ஆசைக்கு வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெட்டுக் கோட்டில் பால் வழிந்து காய்ந்திருந்தது. அதன் ஒரு முனையை நகத்தால் நிமிண்டி இழுத்தார். மரத்தின் சரிவோடு சரிவாக, ஒரு நீள நாடா மெல்லச் 'சர்ர்' என்று உரிந்து வந்தது. ஓரம் பழுப்பு, நடுவில் தயிர் நிறம். இதுதான் ஒட்டுப்பால். அந்த நாளில் இதையும் நிறுத்து வாங்குவார்கள், பாலைவிடக் குறைந்த விலைக்கு. பிள்ளைகள் இதைத் திருடுவார்கள். உள்ளங்கையில் ஒரு கசக்கிய காகிதத்தை வைத்து, நாடாவை இழுத்து இழுத்து அதன் மேல் சுற்றுவார்கள். இழுத்துச் சுற்றினால்தான் இறுகும். எலுமிச்சை அளவு, சாத்துக்குடி அளவு, பிறகு தேங்காய் அளவு. கங்காணி பார்த்தால் முதுகு பழுத்துவிடும். இவ்வளவு பெரிய பந்து என்றால் எத்தனை மரத்து ஒட்டுப்பால் என்று அவருக்கு மனக்கணக்கு தெரியும்.

குட்டி கையில் கிடைத்த நாடாவை ஒரு கூழாங்கல்லின் மேல் சுற்றினார். நெல்லிக்காய் அளவுக்குத்தான் வந்தது. கோயில் சிமெண்டுத் தரையில் போட்டார். அது அவர் எதிர்பார்த்த பக்கம் எழவில்லை. இடது பக்கம் துள்ளி, படிக்கட்டில் மோதி, என் முகத்துக்கு நேரே வந்தது. நான் குனிந்தேன். அவர் கை குறுக்கே வந்து அதைப் பிடித்தது. வளைந்த விரலும் சேர்ந்து மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா தம்பி? எந்தப் பக்கம் போவும்னு அதுக்கே தெரியாது. இதுல புடிச்சுப் பழகினவனுக்குத் தோல் பந்து சும்மா. ஆறுமுகம் ஆடறதப் பாக்கறப்ப, இவனும் இதுல பழகினவன்தான்னு எனக்குத் தோணும். அவுரு துறைமுகத்துப் புள்ள. இருந்தாலும் எனக்கு அப்படித்தான்."

என் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. அவர்கள் ஆறுமுகத்தை வெறும் ரசிகர்களாகப் பார்க்கவில்லை. கையால் வேலை செய்கிறவன் இன்னொருவனின் கைவேலையைப் பார்க்கிற பார்வை அது. பட்டையில் கத்தி ஒரு மயிரிழை ஆழம் போனால் மரம் காயப்பட்டுவிடும், போகாவிட்டால் பால் வராது. அந்த அளவு தெரிந்தவர்கள், பந்துக்கும் கைக்கும் நடுவிலுள்ள அளவையும் தெரிந்துகொண்டார்கள்.

1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய ஆட்டத்தை மூவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவுக்கு எதிராக. வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக். நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலும், தோட்டத்து மண்டபத்தில் இருந்தது கறுப்பு வெள்ளைதான். மலேசியா 2-1 என்று வென்றது. வெற்றிக் கோலை அடித்தது சபாவிலிருந்து வந்த ஜேம்ஸ் வோங், பந்தைக் கொடுத்தது ஹசான் சானி. சோ சின் ஆன், சந்தோக் சிங், சுக்கோர் சாலே, ஆறுமுகம் என்று அந்த அணியின் பெயர்களைச் சொன்னாலே நாடு முழுக்கக் கண்ணில் வரும். கோல் எப்படி விழுந்தது என்பதில் நடு ஆட்டக்காரருக்கும் பின் ஆட்டக்காரருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. குட்டிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கடைசி நிமிடங்களில் கொரியாக்காரர்கள் மோதிக்கொண்டே இருந்ததையும், தான் மண்டபத்துக் கடைசி வரிசையில் நின்றபடி ஆறுமுகத்தோடு சேர்ந்து இடமும் வலமுமாக நகர்ந்ததையும், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி "ஏன்டா ஆடற, உக்காரு" என்று திட்டியதையும் சொன்னார்.

அதற்கப்புறம் மாஸ்கோ இல்லாமல் போனது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியாவும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் போய் ஆடியது. காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று அது. மாஸ்கோ, லெவ் யாஷினின் ஊர். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை 1963-இல் வாங்கிய யாஷின். அந்த விருதைப் பெற்ற ஒரே கோல் கீப்பர். அவருக்கு உலகம் வைத்த பெயர் 'கறுப்புச் சிலந்தி'. அந்த ஊரின் புல்லில் கிள்ளான் துறைமுகத்துச் சிலந்தி மனிதன் கால் வைத்திருக்க வேண்டும். யாஷின் அப்போது உயிரோடுதான் இருந்தார். அதன் பிறகு மலேசியக் காற்பந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

2016-இல் 'ஓலா போலா' என்ற படம் வந்தது. அந்த 1980 அணியை மனதில் வைத்து எடுத்தது. அதில் கோல் கீப்பர் பாத்திரத்தின் பெயர் முத்து. பேரப்பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு வந்து முத்து முத்து என்று பேசினார்களாம். குட்டி அவர்களை உட்காரவைத்து, "நல்ல படம். அழுதேன். ஆனா அவுரு பேரு ஆறுமுகம். சொல்லு" என்று ஒவ்வொருவரையும் சொல்லவைத்திருக்கிறார்.

பிறகு அவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்தார். உள்ளே பள்ளிக்கூட நோட்டு ஒன்று. பக்கம் பக்கமாகப் பத்திரிகைத் துண்டுகள், சோற்றுப் பருக்கையால் ஒட்டியவை. பெரும்பாலும் தமிழ் நேசன். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன நாளிதழ். சில பக்கங்களைக் கரையான் அரித்திருந்தது. ஒரு படத்தில் ஆறுமுகம் தரைக்குக் கிடையாக, காற்றில் படுத்தமாதிரி. பந்து விரல் நுனிக்கும் அப்பால் அரை அங்குலத்தில். அந்த அரை அங்குலம் என்ன ஆனது என்பது படத்தில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. செய்தியின் கீழ்ப்பாதி கரையானோடு போய்விட்டது. குட்டி அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்திருந்தார்.

ஆறுமுகம் இறந்த அந்த டிசம்பர் எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக்குச் செய்தி முழுசாக வந்தது மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில். மழை. மழை என்றால் வெட்டு இல்லை, ஆட்கள் திரும்பிவிட வேண்டும். யாரும் திரும்பவில்லை. அப்பாவைத் தேடி நான் குடையோடு போனேன். ஆண்கள் விளக்குக் கம்பத்தடியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். வேலை நிறுத்தமோ என்று பயந்தேன்.

"அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்கண்ணே?" என்று குட்டியைக் கேட்டேன்.

சொல்ல யோசித்தார். பிறகு சொன்னார். தோட்ட அணிக்கு உண்மையான கோல் வலை கிடையாது. பங்கோர் மீனவர்கள் கழித்துப்போட்ட வலையை வாங்கிக் கட்டியிருந்தார்கள். அங்கங்கே பிய்ந்து தொங்கும். கோலா இல்லையா என்று சண்டை வரும். அன்று பெரட்டிலிருந்து நேரே திடலுக்குப் போய், மழையிலேயே அந்த வலையை அவிழ்த்துத் தூக்கி வந்திருக்கிறார். லயத்துத் திண்ணையில் விரித்து, நைலான் கயிறு எடுத்து, ஒவ்வொரு ஓட்டையாக முடிந்திருக்கிறார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். போகவில்லை. சாயங்காலம் வரைக்கும் முடிந்துகொண்டே இருந்தாராம்.

"எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல தம்பி. கை சும்மா இருக்க முடியல."

பின் ஆட்டக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். மாமா கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினார். திடலில் கிரிக்கெட் பந்து கோயில் பக்கம் உருண்டு வந்தது. அதை எடுக்க ஓடி வந்த பையனுக்கும் ஒரு கை கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு, நோட்டிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தான். "கோல்கீப்பர்?" என்றான். குட்டி, "ஆறுமுகம்" என்றார். அவன் அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு ஓடினான்.

மொக்தார் டஹாரி பெயரில் பகாங்கில் தேசியக் காற்பந்து அகாடமியே இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், அந்தத் தலைமுறையின் பெருவீரர் அவர். இந்த மூன்று பேரும் ஆறுமுகத்துக்குக் கேட்பது அவ்வளவு பெரியதில்லை. எங்கேயாவது ஒரு திடலுக்கு அவர் பெயரை வைத்து, இரண்டு பக்கமும் நல்ல வலை கட்டினால் போதும் என்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். பேராக்கில் வைத்தாலும் சரி, கிள்ளானில் வைத்தாலும் சரி. கேட்கிறவர்கள் உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டும்.

ஈப்போ திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கல்லுமலை சுப்பிரமணியர் கோயில், குனோங் சீரோ சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கிறது. 1973-இல் இந்தக் குன்றின் பாறை இடிந்து விழுந்து, கீழே குடியிருந்த பலர் இறந்தார்கள். தைப்பூசத்துக்கு ஈப்போவின் காவடிகள் எல்லாம் வந்து சேரும் இடம் இது. அன்று மழைக்கு ஒதுங்கிய புறாக்களும் ஒரு பூக்காரம்மாவும்தான்.

மாமா அர்ச்சனைத் தட்டு வாங்கினார். தேங்காய், பழம், வெற்றிலை, ஊதுபத்தி. முட்டி வலியோடு படியேறி குருக்கள் முன்னால் நின்றார்.

"பேரு, நட்சத்திரம்?"

இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை. அது மாமாவுக்குத் தெரியும்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க ஐயா."

குருக்கள் கற்பூரத்தை ஏற்றி, ஆறு முகம் கொண்டவனின் நாமங்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ. மாமா கண்ணை மூடவில்லை. குருக்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் உடைத்த தேங்காயில் ஒரு மூடியைப் பழைய நாளிதழில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"கிள்ளானுக்குக் கொண்டு போ. தொறமுகம் பக்கம் சின்னப் பசங்க பந்து அடிக்கிற எடம் எதுனா இருக்கும். அங்க குடுத்துடு. எதுக்குன்னு கேட்டா சொல்லு. கேக்கலன்னாலும் சொல்லிடு."

கடைசி ரயிலில் உட்கார்ந்தேன். தாப்பா ரோடு தாண்டும்போது, தேங்காயின் ஈரம் காகிதத்தை ஊறித் தாண்டி என் மடியில் பட்டது. வெளியே இருட்டு. என்ன மரம் என்று தெரியவில்லை.